விக்டோரியா கால நாவல்: பாத்திரம் தனி, சமூகம் தனி என்று கூறுபோட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கில இலக்கியம் படிப்பவர்களுக்கென்று வரும் வழிகாட்டிக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. விக்டோரியா கால நாவல் ஒன்றை எடுத்தால் முதலில் கதைச் சுருக்கம், அடுத்து கதாபாத்திரங்கள், அதற்கடுத்து கருப்பொருள்கள், கடைசியில் அக்காலச் சமூகப் பிரச்சினைகள் பற்றி ஒரு பக்கம். படிப்பவரும் இந்த வரிசையிலேயே மனப்பாடம் செய்து, கேள்வியில் எந்தத் தலைப்பு வருகிறதோ அந்தப் பக்கத்தை எழுதிவிட்டு வருகிறார். இந்தக் கூறுபோடல்தான் அந்த நாவல்களை உயிரில்லாமல் ஆக்குகிறது. அதற்கு மாற்றாகப் படிக்கும் முறை ஒன்றைத் தங்கள் நாளிதழ் வாயிலாக விவரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

எடுத்த எடுப்பில் ஒரு காட்சிக்குப் போய்விடுவது நல்லது. சார்லஸ் டிக்கன்ஸ் 1854-ல் எழுதிய 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் முதல் புத்தகத்தின் 15-ஆம் அத்தியாயம். கோக்டவுன் என்ற ஆலை நகரத்தை அடுத்த ஒரு வீடு. தாமஸ் கிராட்கிரைண்ட் தன் மகள் லூயிஸாவைத் தன் அறைக்கு அழைக்கிறார். அறை முழுக்க நீல அட்டை போட்ட நாடாளுமன்ற அறிக்கைகள். ஆலை முதலாளியும் வங்கி உரிமையாளருமான பவுண்டர்பி அவளைப் பெண் கேட்டிருக்கிறார். அவளுக்கு 20 வயது, அவருக்கு 50. நான் அவரை நேசிக்க வேண்டும் என்று கேட்கிறீர்களா, அவராவது அப்படிக் கேட்கிறாரா என்று மகள் நேராகக் கேட்கிறாள். தந்தை தடுமாறுகிறார். அந்தப் பேச்சே இந்த இடத்துக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவிட்டு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த திருமணங்களின் புள்ளிவிவரத்தை எடுத்து வைக்கிறார். வயது வித்தியாசம் மிகுந்த திருமணங்களில் முக்கால்வாசியில் மூத்தவர் மணமகன்தான் என்கிறார். கணக்கு அதோடு நிற்கவில்லை. இந்தியாவின் பிரிட்டிஷ் பகுதிகள், சீனா, மத்திய ஆசியாவின் தார்த்தாரி வரை போகிறது. லூயிஸா சாளரத்துக்கு வெளியே தெரியும் ஆலைப் புகைபோக்கிகளைப் பார்க்கிறாள். இப்போது அங்கே சோர்ந்துபோன புகை மட்டும்தான் தெரிகிறது, ஆனால் இரவானால் நெருப்பு வெடித்துக் கிளம்புகிறது என்கிறாள். அவருக்கு அது புரியவில்லை. கடைசியில், எதுவானால்தான் என்ன என்ற தொனியில் சம்மதித்துவிடுகிறாள்.

இதில் பாத்திரம் எது, கருப்பொருள் எது, சமூகப் பிரச்சினை எது? பிரித்துக் காட்ட முடியாது. லூயிஸாவின் அடங்கிய சுபாவம் பிறவிக் குணம் அல்ல. தகவலைத் தவிர வேறெதுவும் கூடாது என்று அந்த வீட்டில் நடந்த கல்வியின் விளைவு. அவள் சம்மதிப்பதற்குப் பின்னால் தம்பி டாம் இருக்கிறான்; பவுண்டர்பியின் வங்கியில் அவனுடைய நிலைமை அக்காவின் திருமணத்தால் சுகப்படும். அவள் பார்க்கும் புகைபோக்கி ஆலைத் தொழிலாளரின் உலகம்; அவள் சொல்லும் நெருப்பு அவர்களுக்கும் பொருந்தும், அவளுக்கும் பொருந்தும். இரண்டாம் புத்தகத்தின் முடிவில் இதே மகள் புயல் மழையில் ஓடிவந்து தந்தையின் காலடியில் நினைவிழந்து விழுகிறாள். முதல் காட்சியை ஒழுங்காகப் படித்தவருக்கு இந்த இரண்டாவது காட்சி மிகையுணர்ச்சியாகத் தெரியாது. தந்தைக்கு அன்று புரியாத நெருப்புதான் இது என்று விளங்கும்.

அந்த நீல அட்டை அறிக்கைகளை இன்னும் ஒரு கணம் கவனிக்க வேண்டும். அவை வெறும் கேலிப் பொருள்கள் அல்ல. சுரங்கங்களில் குழந்தைகள் படும் பாட்டை 1842-ல் வந்த அரசு அறிக்கை ஒன்று வெளிக்கொண்டுவந்தது. அதே ஆண்டு நிறைவேறிய சட்டம், பெண்களும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடை செய்தது. ஆகவே, டிக்கன்ஸ் புள்ளிவிவரத்துக்கு எதிரி என்று ஒரே வரியில் எழுதினால் பாதி தவறு. ஒரு தேசத்துக் குழந்தைகளைக் காப்பாற்ற உதவிய அதே எண்ணிக்கைப் பார்வை, எதிரே உட்கார்ந்திருக்கும் சொந்த மகளைப் பார்க்க உதவவில்லையே என்பதுதான் அந்த அத்தியாயம் எழுப்பும் கேள்வி. கருப்பொருளை இப்படிக் கேள்வியாக எழுதிப் பழக வேண்டும். 'கல்வி', 'வறுமை', 'பெண் விடுதலை' என்று ஒற்றைச் சொல்லில் எழுதும் கருப்பொருள் எந்த நாவலுக்கும் பொருந்தும். அதனாலேயே எந்த நாவலையும் விளக்காது.

இனி முறைக்கு வருகிறேன். நாவலைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் இரண்டு ஆண்டுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்: நாவல் வெளியான ஆண்டு, கதை நடக்கும் ஆண்டு. பலர் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு மேலே போய்விடுகிறார்கள். ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' 1871 டிசம்பர் முதல் 1872 டிசம்பர் வரை வெளிவந்தது. கதை நடப்பது 1829 முதல் 1832 வரை. தேர்தல் சீர்திருத்தச் சட்டம் 1832-ல் நிறைவேறுவதற்கு முந்தைய பதற்றம், வயலில் அளவெடுக்க வரும் ரயில்வேக்காரர்களை விரட்டும் கிராமத்தார், காலரா பயம் இவையெல்லாம் எலியட்டின் வாசகருக்கு 40 ஆண்டுப் பழைய செய்திகள். 1867-ல் வாக்குரிமை மறுபடியும் விரிவடைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் இதைப் படித்தார்கள். சீர்திருத்தம் எவ்வளவு செய்யும், எவ்வளவு செய்யாது என்பது அவர்களுக்குத் தெரியும். பாத்திரங்களுக்குத் தெரியாது. இந்த இடைவெளியில்தான் அந்த நாவலின் கனிவும் கசப்பும் பிறக்கின்றன. தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' 1847-48-ல் வந்தது. அதன் நடுவில் இருப்பது 1815-ன் வாட்டர்லூ போர். எமிலி பிராண்டியின் 'உதரிங் ஹைட்ஸ்' 1847-ல் வந்தது. அதன் முதல் வரியிலேயே 1801 என்று ஆண்டு நிற்கிறது.

அடுத்தது பணக் கணக்கு. இந்த நாவல்களில் தொகை சொல்லப்படாத வாழ்க்கையே அபூர்வம். படிப்பவர்கள்தான் தொகையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஒரு கின்னி என்றால் 21 ஷில்லிங். இவ்வளவு தெரிந்தால் போதும். இன்றைய மதிப்புக்கு மாற்றிப் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. வாடகைக்கும் துணிக்கும் ஆள்கூலிக்கும் இடையே இருந்த விகிதமே இன்று மாறிவிட்டது. அதே நாவலுக்குள் ஒரு தொகையை இன்னொரு தொகையோடு வைத்துப் பார்ப்பதுதான் சரியான வழி.

சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' நாவலை இப்படிப் படித்தால் கதையே வேறு விதமாகத் துலங்கும். லோவுட் பள்ளியில் ஆசிரியையாக ஜேனுக்கு ஆண்டுக்கு 15 பவுண்டு. தார்ன்ஃபீல்டு மாளிகையில் குழந்தைக்குப் பாடம் சொல்லும் கவர்னஸாகப் போனதும் அது 30 பவுண்டு. மாளிகையை விட்டு ஓடும்போது கையில் 20 ஷில்லிங்தான். வண்டிக்காரன் 30 கேட்கிறான், இருப்பதையெல்லாம் கொடுத்துவிட்டு அந்தக் காசுக்கு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் இறங்குகிறாள். பிறகு மதீராத் தீவிலிருந்த சித்தப்பாவின் உயிலால் 20,000 பவுண்டு வருகிறது. அதை அவள் நான்காகப் பிரித்து உறவினர் மூவருக்கும் தலா 5,000 கொடுத்து, தனக்கும் 5,000 வைத்துக்கொள்கிறாள். அரசுக் கடன் பத்திரத்தில் நூற்றுக்கு 3 என்று வட்டி வைத்தாலும் 5,000 பவுண்டுக்கு ஆண்டுக்கு 150 பவுண்டு வரும். கவர்னஸ் சம்பளத்தைப்போல ஐந்து மடங்கு, அதுவும் யாருக்கும் வேலை செய்யாமல். 'நான் இப்போது சுதந்திரமானவள்' என்று, மாளிகையின் சொந்தக்காரரும் அவள் காதலருமான ராச்செஸ்டரிடம் அவள் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குப் பின்னால் இந்த 150 பவுண்டு நிற்கிறது. ராச்செஸ்டரின் முதல் திருமணத்தில் ஜமைக்காவிலிருந்து வந்த சீதனம் 30,000 பவுண்டு. மதீரா, ஜமைக்கா என்று பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தொகைக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். கடல் கடந்த உடைமைகள் இந்த நாவல்களின் ஓரத்தில் கிடப்பவைபோலத் தோன்றினாலும், மையத்தில் இருப்பவர்களின் வாழ்க்கையை நடத்துபவை அவைதான்.

பணத்தை ஒட்டியே சட்டம் வருகிறது. ஜேன் திருமணம் செய்துகொண்டதும் அந்த 5,000 பவுண்டு என்ன ஆகும்? நாவல் வந்தது 1847-ல். அன்றைய சட்டப்படி, தனியாக அறக்கட்டளை ஏற்பாடு எதுவும் இல்லாவிட்டால் மனைவியின் ரொக்கமும் பொருளும் கணவனுடையதாகிவிடும். மனைவி தன் சம்பாத்தியத்தைத் தானே வைத்துக்கொள்ள 1870-ல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. திருமணத்துக்கு முன்னும் பின்னும் வந்த சொத்து முழுவதும் அவளுடையது என்று ஆக 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே, ஜேன் பொருளாதாரச் சுதந்திரம் பெற்ற பிறகே திருமணம் செய்கிறாள் என்று எழுதுபவர், அந்தச் சுதந்திரத்தைத் திருமணமே சட்டத்தின் முன் இல்லாமல் ஆக்கிவிடும் என்பதையும் சேர்த்து எழுதியாக வேண்டும். அப்போதுதான் பார்வையும் ஒரு கையும் இழந்து வேறொருவரைச் சார்ந்து நிற்கும் ராச்செஸ்டரை ஆசிரியை ஏன் அந்த நிலையில் கொண்டுவந்து நிறுத்தினார் என்ற கேள்விக்குக் கனம் வரும். சட்டம் தராத சமநிலையைக் கதை வேறு வழியில் தேடுகிறது.

இதைவிடக் கூர்மையான உதாரணம் ஆன் பிராண்டியின் 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்'. 1848-ல் வந்த நாவல். கதை நடப்பது 1820-களில். குடிகாரக் கணவனிடமிருந்து மகனைக் காப்பாற்றிக்கொண்டு ஓட ஹெலன் திட்டமிடுகிறாள். ஓவியம் விற்றுப் பிழைக்கலாம் என்பது அவள் எண்ணம். கணவன் அவளுடைய நாட்குறிப்பைப் படித்துத் திட்டத்தைத் தெரிந்துகொள்கிறான்; சாவிகளைப் பிடுங்கி, வண்ணங்களையும் தூரிகைகளையும் தீயில் போடுகிறான். இதைக் கணவனின் கொடூர குணம் என்று மட்டும் எழுதுவது போதாது. சட்டப்படி அந்தத் தூரிகைகள் அவனுடையவை. அவள் ஓவியம் விற்றுச் சம்பாதித்தால் அந்தப் பணமும் அவனுடையது. மகன் மீது தாய்க்கு எந்த உரிமையும் இல்லை. 7 வயதுக்குட்பட்ட குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தாய் நீதிமன்றத்தில் மனுப்போடலாம் என்ற வழியே 1839-ல்தான் வந்தது. அவள் ஏன் பொய்ப் பெயரில், பாழடைந்த வீட்டில், அக்கம்பக்கத்தாரிடம் வாய் திறக்காமல் வாழ்கிறாள் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. அவளுடைய மௌனத்தை 'மர்மமான பாத்திரப் படைப்பு' என்று வருணிக்கும் குறிப்புகள் விஷயத்தையே தவறவிடுகின்றன.

விவாகரத்தும் அப்படித்தான். 'ஹார்ட் டைம்ஸ்' நெசவுத் தொழிலாளி ஸ்டீபன் பிளாக்பூல், குடியில் அழிந்துபோன மனைவியிடமிருந்து விலக வழி உண்டா என்று முதலாளியிடம் போய்க் கேட்கிறான். திருச்சபை நீதிமன்றம், பொதுச் சட்ட நீதிமன்றம், பிரபுக்கள் சபை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, 1,000 முதல் 1,500 பவுண்டு ஆகும், அதைப்போல இரண்டு மடங்குகூட ஆகலாம் என்கிறார் பவுண்டர்பி. நாவல் வந்து மூன்று ஆண்டு கழித்து 1857-ல்தான் விவாகரத்து சாதாரண நீதிமன்றத்துக்கு வந்தது. அதிலும் கணவன் மனைவியின் ஒழுக்கத் தவறு ஒன்றைக் காட்டினால் போதும்; மனைவியோ அதோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். ஒரு சட்டத்தின் ஆண்டு தெரிந்தால் பாத்திரத்தின் முன் எத்தனை கதவுகள் திறந்திருந்தன என்பது தெரியும். அதன் பிறகே அவர் கோழையா துணிச்சல்காரரா என்று தீர்ப்புச் சொல்ல முடியும்.

நாவல் வாசகர் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதும் பாத்திரப் படைப்பைத் தீர்மானித்த காரியம். டிக்கன்ஸின் பெரிய நாவல்கள் பலவும் மாதம் ஒரு பகுதியாக வந்தன: 32 பக்கம், இரண்டு படம், விலை ஒரு ஷில்லிங். கடைசி இரண்டு பகுதிகளும் ஒன்றாக வரும் என்பதால் மொத்தம் 19 மாதம். போன மாதம் பார்த்த ஒரு சிறு பாத்திரம் நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் வாசகர் உடனே அடையாளம் காண வேண்டும். அதனால்தான் ஒரு பழகிப்போன வாக்கியம், ஓர் அங்க அசைவு, ஒரு விநோதப் பழக்கம். தொடர்கதை படித்தவர்களுக்கு இது புதிதல்ல. இதை அறியாமல் 'டிக்கன்ஸின் பாத்திரங்கள் தட்டையானவை' என்று எழுதுவது எளிது. 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலின் மிக்காபரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 20 பவுண்டு, செலவு 19 பவுண்டு 19 ஷில்லிங் 6 பென்ஸ் என்றால் இன்பம்; செலவு 20 பவுண்டு 6 பென்ஸ் என்றால் துன்பம் என்று கணக்குச் சொல்பவர் அவர். சிரித்துவிட்டுப் போகும் வரி இது. ஆனால் அவர் அதைச் சொல்வது கடனுக்காகச் சிறையில் அடைபட்டு வெளியே வந்த பிறகு. டிக்கன்ஸின் தந்தை 1824-ல் மார்ஷல்சீ கடன் சிறையில் இருந்தவர். இன்பத்துக்கும் துன்பத்துக்கும் நடுவே ஒரே ஒரு ஷில்லிங். ஒரு வேடிக்கை மனிதரின் வாய்ப்பாடாகவும் ஒரு வர்க்கத்தின் பயமாகவும் அந்த ஒரு வாக்கியமே நிற்கிறது.

மாதப் பகுதிக்குப் பக்கத்திலேயே மூன்று பாக நாவல் என்ற இன்னொரு வடிவமும் இருந்தது. விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். சாதாரண வீட்டார் வாங்கக்கூடியது அல்ல. அதனால் ஆண்டுக்கு ஒரு கின்னி சந்தாவில் புத்தகம் இரவல் தந்த, மூடி என்பவர் நடத்திய நூலகம் போன்றவை எந்த நாவல் வாழும் என்பதைத் தீர்மானித்தன. குடும்பத்தில் எல்லோரும் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் அளவுகோல். நாவலாசிரியர்கள் சிலவற்றைச் சொல்லாமல் விட்டதற்குப் பெரிய காரணம் இது. தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' 1891-ல் 'கிராஃபிக்' வார இதழில் வந்தபோது, வெள்ளம் நிற்கும் பாதையில் டெஸ்ஸின் காதலன் ஏஞ்சல் கிளேர் பால்காரப் பெண்களைக் கையில் தூக்கிக் கடப்பது கூடாது என்று தள்ளுவண்டியில் வைத்துக் கடத்தும்படி மாற்ற நேர்ந்தது. டெஸ்ஸுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பதில் ஒரு போலித் திருமணம் நுழைக்கப்பட்டது. புத்தகமாக வந்தபோது ஹார்டி மீட்டுவைத்தார். ஆகவே எந்தப் பதிப்பைப் படிக்கிறோம் என்று பார்ப்பது கட்டாயம். 1894-ல் பெரிய நூலகங்கள் மூன்று பாக நாவலைப் பழைய விலைக்கு வாங்க மறுத்ததும் அந்த வடிவம் சில ஆண்டுகளில் மறைந்துபோனது.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. சில பதிப்புகளில் ஒவ்வொரு பாகத்திலும் அத்தியாய எண் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும்; சிலவற்றில் தொடர்ந்து போகும். 'ஜேன் அயரி'ன் இரண்டாம் பாகம் முதல் அத்தியாயம், தொடர் எண்ணில் 16. மேற்கோள் காட்டும்போது இது குழம்பினால் விடைத்தாளும் ஆய்வேடும் நம்பகம் இழக்கும். பாக எல்லைகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டால் இன்னொரு லாபம்: முதல் பாகம் ராச்செஸ்டரின் படுக்கை தீப்பற்றுவதோடு முடிகிறது, இரண்டாம் பாகம் திருமணம் நின்றுபோவதோடு முடிகிறது. ஆசிரியை எங்கே மூச்சை நிறுத்தினார் என்பது கண்ணுக்குத் தெரியும்.

கதையை யார் சொல்கிறார் என்பதைப் பலரும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். 'தன்மை இடம்', 'படர்க்கை இடம்' என்று எழுதினால் போதாது. சொல்பவருக்கு என்ன தெரியும், எப்போது தெரிந்தது, எதை மறைக்கிறார் என்று பார்க்க வேண்டும். டிக்கன்ஸின் 'பிளீக் ஹவுஸ்' நாவலில் பாதிக் கதையை எஸ்தர் நடந்து முடிந்ததாகச் சொல்கிறாள். மீதியைப் பெயரில்லாத ஒரு குரல் நிகழ்காலத்தில், கோபத்தோடு சொல்கிறது. 'மிடில்மார்ச்' 29-ஆம் அத்தியாயம் நாயகி டாரதியா பற்றித் தொடங்கி, வாக்கியத்தின் நடுவிலேயே நின்று, ஏன் எப்போதும் டாரதியாவே என்று கேட்கிறது. அதுவரை நாம் வெறுத்துவந்த வயதான கணவர் கசாபனின் மனத்துக்குள், அவருடைய தோல்விப் பயத்துக்குள் நம்மை அழைத்துப் போகிறது. கசாபனை 'வில்லன்' என்று எழுதுபவர் அந்த ஒரு பத்தியைப் படிக்காதவர் என்றுதான் கொள்ள வேண்டும். அதே கசாபன் உயிலில் ஒரு பின்சேர்க்கை எழுதி, தன் இளம் உறவினன் லாடிஸ்லாவை மணந்தால் டாரதியாவுக்குச் சொத்து இல்லை என்று கட்டிவைக்கிறார் என்பதும் உண்மை. புரிந்துகொள்வதும் மன்னிப்பதும் ஒன்றல்ல என்பதை எலியட் அளவுக்குப் பொறுமையாகக் காட்டியவர்கள் குறைவு.

அடிக்கடி நேரும் இன்னொரு பிழை, நாவலைச் செய்தி அறிக்கையாக எடுத்துக்கொள்வது. டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்', உதவி கேட்கும் ஏழைகளை விடுதிகளில் அடைத்த 1834-ன் ஏழைகள் சட்டத்துக்கு எதிரான நாவல் என்பது சரி. மூன்று வேளை நீர்த்த கஞ்சி, வாரம் இரண்டு முறை ஒரு வெங்காயம், ஞாயிற்றுக்கிழமை பாதி ரொட்டி என்று அது தரும் உணவுப் பட்டியல் கோபத்தில் கூட்டி எழுதியது. ஏழை விடுதியிலேயே வளர்ந்த ஆலிவர் நல்ல வீட்டுப் பிள்ளைபோலத் தூய ஆங்கிலம் பேசுகிறான். நடப்பு அப்படி இருந்திருக்காது. ஆனால் அதைப் பிழை என்று தள்ளாமல், அந்தப் பேச்சு வாசகரிடம் என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும். தம் பிள்ளை அந்த வரிசையில் நின்றால் எப்படி இருக்கும் என்று நடுத்தர வர்க்க வாசகரை அது நினைக்க வைத்தது. கூடவே, ஆலிவர் பிறப்பால் நல்ல குடும்பத்தவன் என்று கதை முடிவதால், அப்படிப் பிறக்காத மற்றப் பிள்ளைகளை விட்டுவிடுகிறது. இரண்டையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

'ஹார்ட் டைம்ஸ்' தொழிற்சங்கத்தைக் காட்டும் விதமும் இப்படிப்பட்டதே. 1853-54 பிரெஸ்டன் வேலைநிறுத்தத்தை டிக்கன்ஸ் நேரில் போய்ப் பார்த்து, தொழிலாளர்களின் ஒழுங்கைப் பாராட்டிக் கட்டுரையும் எழுதினார். நாவலிலோ சங்கத் தலைவர் ஸ்லாக்பிரிட்ஜ் வெறும் வாய்ச்சொல் வீரன். நல்ல தொழிலாளியான ஸ்டீபன் சங்கத்தில் சேர மறுத்து ஒதுக்கப்படுபவன். கண்ணால் கண்டதற்கும் கதையில் எழுதியதற்கும் இடையே ஏன் இந்த விலகல் என்று கேட்டால், தொழிலாளி மீது இரக்கமும் திரண்ட தொழிலாளர் மீது அச்சமும் ஒரே எழுத்தாளரிடம் இருந்தது தெரியும்.

இதற்கு மறுபக்கத்தை எலிசபெத் காஸ்கெல் எழுதினார். 'ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்' என்ற, டிக்கன்ஸ் நடத்திய இரண்டு பென்ஸ் வார இதழில் 'ஹார்ட் டைம்ஸ்' 1854 ஆகஸ்டில் முடிந்தது. அடுத்த மாதமே அதே இதழில் 'நார்த் அண்ட் சவுத்' தொடங்கியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதுபோல் பயன் தரும் பயிற்சி வேறில்லை. காஸ்கெல் நாவலில் பெஸி ஹிக்கின்ஸ் என்ற இளம்பெண் பஞ்சு சீவும் அறையில் வேலை செய்து, பஞ்சுத்தூள் நுரையீரலில் படிந்து சாகக் கிடக்கிறாள். காற்றை இழுத்துத் தூளை வெளியேற்றும் பெரிய சக்கரம் ஒன்று உண்டு என்கிறாள். அதன் விலை 500 அல்லது 600 பவுண்டு. லாபம் தராது என்பதால் சில முதலாளிகளே வைக்கிறார்கள். அடுத்த வாக்கியம்தான் மனத்தை அறுப்பது. சக்கரம் உள்ள இடத்தில் வேலை செய்யச் சில தொழிலாளிகளுக்கே விருப்பமில்லையாம்; தூளை விழுங்கிப் பழகிய வயிறு அது இல்லாவிட்டால் பசிக்கிறதாம், அங்கே வேலை செய்ய வேண்டுமானால் கூலியைக் கூட்டித்தர வேண்டும் என்கிறார்களாம். ஆலை முதலாளியின் கணக்கும் தொழிலாளியின் பசியும் அந்த ஒரே பேச்சில் வந்துவிடுகின்றன. 'தொழிற்புரட்சியின் தீமைகள்' என்ற தலைப்பில் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட இந்த நான்கைந்து வரிகளை எடுத்துக்காட்டி விளக்குவது மேல்.

அதே நாவலின் முடிவு சிலருக்கு ஏமாற்றம் தருகிறது. நாயகி மார்கரெட் ஹேலுக்குச் சொத்து வருகிறது. நொடித்துப்போன ஆலை முதலாளி தார்ன்டனை மணக்கிறாள். வேலைநிறுத்தமும் வர்க்கப் பகையும் காதலில் கரைந்துவிட்டனவா என்ற கேள்வி எழுவது நியாயம்தான். ஆனால் அந்தக் கடைசிக் காட்சியின் பேச்சைக் கவனியுங்கள். வங்கியில் சும்மா கிடக்கும் என் 18,057 பவுண்டுக்கு நூற்றுக்கு இரண்டரைதான் வட்டி வருகிறது, நீங்கள் எடுத்துக்கொண்டால் எனக்குக் கூடுதல் வட்டி தரலாம், ஆலையும் தொடர்ந்து ஓடும் என்கிறாள். காதல் சொல்லும் இடத்தில் கடன் ஒப்பந்தம். பணத்தைக் கையில் வைத்திருப்பவள் பெண். கடன் வாங்குபவன் ஆண். தார்ன்டனும் இதற்குள் மாறிவிட்டான். தொழிலாளி ஹிக்கின்ஸோடு பேசி, ஆலையில் பொதுச் சமையலறை ஏற்படுத்தும் அளவுக்கு வந்துவிட்டான். பெரிய தீர்வை நாவல் தரவில்லை. எதிரெதிர் தரப்பினர் நேருக்கு நேர் பேசுவது வரை வந்து நிற்கிறது. விக்டோரியா கால நாவல்கள் பலவும் உயிலிலும் திருமணத்திலும் முடிவது ஏன் என்று கேட்பவர்கள் இந்தக் காட்சியிலிருந்து தொடங்கலாம்.

விடை எழுதும்போது செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நாவல் ஒன்றுக்கு ஐந்து காட்சிகள் போதும். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம்: யார் பேசுகிறார், எந்தத் தொகை அல்லது பொருள் நடுவில் இருக்கிறது, எந்தச் சட்டம் அல்லது வழக்கம் பாத்திரத்தின் கையைக் கட்டுகிறது, கட்டுக்குள் நின்றும் பாத்திரம் என்ன தேர்வு செய்கிறது. நான்காவது கேள்வியை விட்டுவிட்டால் பாத்திரங்கள் சமூகத்தின் பொம்மைகளாகிவிடும். மூன்றாவதை விட்டுவிட்டால் எல்லாம் தனிமனிதர் குணமாகிவிடும். இந்தக் குறிப்புகள் கையில் இருந்தால் கேள்வி பாத்திரம் பற்றியதானாலும், கருப்பொருள் பற்றியதானாலும், சமூகம் பற்றியதானாலும் அதே ஐந்து காட்சிகளிலிருந்து எழுதலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்பவர்களுக்கு: 'ஹார்ட் டைம்ஸ்' 37 அத்தியாயம்தான், டிக்கன்ஸின் நாவல்களிலேயே சிறியது. அது முடிந்த கையோடு 'நார்த் அண்ட் சவுத்'. வார இதழில் இடம் போதாமல் முடிவைச் சுருக்க வேண்டியிருந்தது காஸ்கெலுக்குப் பெரிய வருத்தம். 1855-ல் புத்தகமாக்கும்போது கடைசிப் பகுதியை விரித்து எழுதினார். அதனால் பின்னுரையும் குறிப்புகளும் உள்ள பதிப்பாகப் பார்த்து எடுக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதிகள் பலவற்றில் முன்னுரை, படங்கள், தொடர் பகுதிகளின் எல்லை எதுவும் இருக்காது. 'மிடில்மார்ச்' மூன்றாவதாக வரட்டும். அது எட்டுப் புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 5 ஷில்லிங் விலையில் வந்த நாவல். வாரத்துக்கு ஒரு புத்தகம் என்று வைத்துக்கொண்டால் எட்டு வாரத்தில் முடியும், இடையில் குறிப்பெழுத நேரமும் கிடைக்கும்.

இங்ஙனம்,
ஆங்கில இலக்கிய ஆசிரியர் ஒருவர்